பிளஷர் குடித்த விளக்கெண்ணெய்

சனிக்கிழமைக் காலைகளில் மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, விளக்கெண்ணெய் ஊற்றப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கக் கூடாது என்றில்லை. ஆனால் அந்த வழவழப்பு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் தொண்டையில் நிற்கிற அவஸ்தையை அறியாதவர்களுக்கு இதில் பாதி ருசி தெரியாமல் போகும். நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முழங்காலையும் சர்க்கரையையும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் எப்படியோ அந்த எண்ணெயில்தான் வந்து வழுக்கி விழுகிறோம்.

எங்கள் வீட்டில் தப்பிக்க வழியே கிடையாது. அப்பா டாக்டர். தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் அவருடைய டிஸ்பென்சரி. விளக்கெண்ணெய் அங்கே கரண்டிக் கணக்கில் இல்லை, பச்சைக் கண்ணாடி ஜாடிக் கணக்கில் இருந்தது. அதை எடுத்துவந்து ஊற்றுகிறவள் அத்தை. அப்பாவின் அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்து, ஓய்வு பெற்று, தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் இளவயதிலேயே போய்விட்டார். வகுப்புகளை அதட்டி அதட்டி முற்றிய குரல் அவளுக்கு. அத்தை அடுக்களையில் பேசினால் தெருவில் போகிறவர்கள் நின்று, "என்னையா கூப்புட்டிய?" என்று கேட்பார்கள். அந்தக் குரலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அந்த விளக்கெண்ணெயை ஒருநாள் எங்கள் காரும் குடித்தது. என் கையாலேயே ஊற்றினேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

கார் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது பிளஷர். சரக்கு ஏற்றினால் லாரி, டிக்கெட் கிழித்தால் பஸ், இரண்டும் இல்லாமல் நாலு பேர் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனால் பிளஷர். துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனது. எங்களிடம் வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. உள்ளே ஏறினால் பழந்தோல் வாடை, பெட்ரோல் வாடை, அப்பாவின் பையிலிருந்து வரும் கார்பாலிக் வாடை, மூன்றும் சேர்ந்து அடிக்கும். வெளியே ஒரு ரப்பர் ஹாரன். அதை ஒருதரம் அமுக்க விடுவதென்றால் அப்பா என்னிடம் ஒரு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். பதினாறாம் வாய்ப்பாடு இன்றுவரை எனக்கு மறக்காமல் இருப்பதற்கு அந்த ஹாரன்தான் காரணம்.

யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். ஊரில் இருந்த பிளஷர்களில் பாதி செங்கல்மேல் ஏறி நின்றுவிட்டன. சில, பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடின. டாக்டர் என்பதால் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல் கிடைத்தது. உதிரி பாகம் எதுவும் கிடைக்காது. ஆனால் யுத்தத்தைவிடப் பெரிய எதிரி எங்கள் ஊர்க் காற்று. தூத்துக்குடியில் யாரும் இரும்பைச் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம் என்று அப்பா சொல்லுவார். ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிரும். தையல் ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுமாதம் எடுத்தால் துணியில் பழுப்புக் கோடு விழும்.

இந்தக் காற்றிலிருந்து பிளஷரைக் காப்பாற்றி வைத்திருந்தவர் டிரைவர் அண்ணாச்சி. கடற்கரைத் தெருவில் மாதாகோயிலுக்குப் பின்னால் வீடு. முதலில் கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தவர். ஆழத்தில் ஒருநாள் இடது காதுக்குள் ஏதோ வெடித்தது. மேலே வந்தபோது அந்தக் காதில் ரத்தம் வடிந்தது, அதற்குப் பிறகு அதில் ஒன்றும் விழவில்லை. தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று சொன்னவர் அப்பா. சொன்னதோடு நில்லாமல், துரை விட்டுப்போன வண்டியை ஓட்டப் பழகிக்கொள் என்று வேலையும் கொடுத்தார். ஆகையால் அண்ணாச்சியோடு பேசுவதென்றால் நாங்கள் சுற்றிக்கொண்டு அவருடைய வலதுபக்கம் போய் நிற்போம்.

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்லதண்ணீர் தெருக்குழாயில் நேரம் பார்த்து வரும். அண்ணாச்சி ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்களோடு வரிசையில் நிற்பார். வண்டி கழுவ.

"அண்ணாச்சி, இங்கன மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. ஒங்க பிளஷருக்குத் தாகமாக்கும்?" என்று குழாயடியில் கிண்டல் செய்வார்கள்.

"அது கடலுக்குப் பக்கத்துல பொறக்கலல்லா, தாயி. உப்புன்னா அதுக்கு ஆவாது" என்பார். இதைப் பலதரம் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அம்மா அந்தப் பங்குனியில் வீட்டில் இல்லை. பிரசவத்துக்குச் சாத்தான்குளத்தில் அம்மாவழிப் பாட்டையா வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி பிறந்துவிட்டான் என்று தகவல் வந்திருந்தது. எனக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் தம்பியைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் தேறட்டும், வெயில் முற்றுவதற்குள் நாமே போய் அழைத்து வருவோம் என்று அப்பா சொல்லியிருந்தார். அத்தை மட்டும் குடும்ப ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனாள். முழங்காலில் நின்று நின்று நான் தூங்கி விழுவேன்.

அத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் பீரோவில் கறுப்புக் கைப்பிடி போட்ட ஒரு கத்தரிக்கோல் உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையாவது கையிலோ கழுத்திலோ தாயத்து, மந்திரக்கயிறு என்று கட்டிக்கொண்டு வந்தால் கூப்பிட்டு நிறுத்தி அந்தக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிடுவாளாம். கண்ணேறு, திருஷ்டி என்று யாராவது பேச்செடுத்தால், "படிச்ச வீட்ல இந்தப் பேச்சு வேண்டாம்" என்பாள். வேலைக்காரி எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டதற்காக ஒருவாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்கு அக்காவை நினைத்து இதில் ஒரு பெருமை உண்டு. அவருடைய தாய் தகப்பன் சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டில் அடுத்தடுத்துப் போனபின், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மிஷன் விடுதிக்கு வந்து, தானும் படித்து அவரையும் படிக்கவைத்தவள் அத்தை.

எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழி ஒரு கிறுக்கு. கூடையில் முட்டையிடாது. ஷெட்டில் நிற்கும் பிளஷருக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவில்தான் போய் இடும். அத்தை தினமும் விடியற்காலையில் வெள்ளைச் சேலையைச் சொருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குனிந்து கையை உள்ளே விட்டு முட்டை எடுப்பாள். சில நாள் ரொம்ப நேரம் எடுக்கும். வயதாகிவிட்டது, பாவம், கை எட்டவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பியை அழைத்துவர நாள் குறித்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா முள்ளக்காட்டில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். பள்ளிக்கூடம் விடுமுறை, நானும் ஏறிக்கொண்டேன். திரும்பி வரும்போது நல்ல வெயில். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். பார்க்க முடியாமல் கண் கூசியது. பாத்தியிலிருந்து வாரிய உப்பைப் பெண்கள் கடகப்பெட்டியில் சுமந்து ரோட்டைக் கடந்து, அந்தப்பக்கம் அம்பாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் பாரம் இருப்பதால் அவர்கள் கழுத்தைத் திருப்ப மாட்டார்கள். வண்டிதான் நிற்க வேண்டும். எப்போதும் நிற்கும்.

அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். பெடல் தரையோடு தரையாகப் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு மிதி. அதுவும் அப்படியே. "மாதாவே" என்று மட்டும் சொன்னார். கியரை மாற்றியதும் கைப்பிரேக்கை இழுத்ததும் எனக்குச் சரியாக நினைவில்லை. பெண்களின் வரிசை கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. ஒரே ஒடியாக ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஓலை போட்டு மூடியிருந்த ஓர் உப்பு அம்பாரத்துக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் கண்ணாடி மட்டும் உடைந்தது. என் வாய், காது, சட்டைக்குள் எல்லாம் உப்பு. பெண்கள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து எங்களைத் தோண்டி எடுத்தார்கள். கங்காணி மட்டும், "என் அம்பாரம், என் அம்பாரம்" என்று சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு ஒரு சோடி மாட்டை அவிழ்த்து வந்து பூட்டி, கயிறு கட்டி, பிளஷரை ஊருக்குள் இழுத்து வந்தோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால். அப்பா உடைந்த கண்ணாடியோடு நாலு வீடு முன்னால், அந்த வண்டிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி நடந்தார். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் அதை விடவில்லை.

மறுநாள் மேஸ்திரி வந்தார். துறைமுகம் போகிற ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். வாய் ஓயாது. எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில், "இது தேறாது" என்பார். அப்புறம் கருப்பட்டிக் காப்பி கேட்பார். அதைக் குடித்து முடித்ததும் தேற்றிவிடுவார். அடியில் படுத்து இழுத்து, பின் அச்சோடு ஓடுகிற ஒரு மெல்லிய குழாயை எடுத்து வந்தார். பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாய். விரலால் நெரித்தார், அப்பளம் மாதிரி பொடிந்தது.

"இது உப்புத்தண்ணித் துரு, ஐயா. மத்த எடத்துல மேலாப்புல இருக்கு. இந்த ஒரு எடத்துல அடியோட அரிச்சிருக்கு."

அப்பா அண்ணாச்சியைப் பார்த்தார்.

"கெணத்துத் தண்ணிய ஊத்திக் கழுவியிருக்கீரு, வே. கொழாயடிக்குப் போகச் சோம்பல்."

"இல்லைய்யா. நல்லதண்ணிதான் ஊத்துனேன்."

"அப்ப இந்த உப்பு எங்கருந்து வந்துச்சி? வானத்துலருந்தா?"

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பேசினேன். "அண்ணாச்சி கொழாயடில தண்ணி புடிக்கத நான் பாத்திருக்கேம்ப்பா" என்றேன். "நீ உள்ள போ" என்றார் அப்பா. அந்தக் காலத்தில் எட்டு வயதுப் பெண் பிள்ளையின் சாட்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு.

"வண்டி சரியாகுத வரைக்கும் இரும்," என்றார் அப்பா, குரலை உயர்த்தாமல். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "பொறவு சாவியக் குடுத்துட்டுப் போயிரும். சனிக்கிழம பச்சைப்பிள்ளய ஏத்திட்டு வரணும். ஒம்ம நம்பி நான் ஏத்த மாட்டேன்."

மேஸ்திரியிடம் வேறு டிரைவர் பார்க்கச் சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குள் போய்விட்டார். அப்பா கெட்டவர் இல்லை. இரண்டு குழந்தைகளைத் தன் கையாலேயே வைத்தியம் பார்த்துப் பறிகொடுத்த டாக்டர். பயம் வந்தால் அவருக்கு அது கோபமாகத்தான் வெளியே வரத் தெரியும். இதெல்லாம் எனக்கு என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் விளங்கியது.

அப்பா உள்ளே போனபின் நடந்த ஒன்றையும் நான் பார்த்தேன். குழாயோடு சேர்ந்து ஒரு கறுத்த துணித்துண்டும் வந்திருந்தது. மேஸ்திரி அதைக் குப்பை என்று ஒதுக்கிப் போட்டார். அண்ணாச்சி எடுத்தார். உப்புப் பூத்து விறைத்துப்போன துணி, முடிச்சுப் போட்டது. உள்ளே ஒரு மிளகாய்க் காம்பு. ஓரத்தில் மெல்லிய நீலக் கரை. அத்தையின் பழைய சேலைக் கரை. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி துடைக்க அத்தை பழந்துணி கொடுப்பது வழக்கம், அதில் ஒன்று என்று நினைத்தேன். மேஸ்திரிக்குக் காப்பி கொண்டுவந்த அத்தை வாசற்படியிலேயே நின்றாள். டம்ளர் சாய்ந்து சேலையில் காப்பி கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். பனங்காட்டு ஊர்களில் புது மாட்டுவண்டி வாங்கினால் கல்லுப்பையும் மிளகாயையும் துணியில் முடிந்து வண்டி அச்சில் கட்டுவார்கள். உப்பு கரைந்தால் வண்டிமேல் விழுந்த கண்ணும் கரைந்துபோச்சு என்று அர்த்தம். உடனே புது முடிச்சு கட்ட வேண்டும். தாயத்துக்களை வெட்டிய எங்கள் அத்தை, அம்மா முழுகாமல் இருந்த நாள்தொட்டே, தன் தம்பி பிள்ளை ஏறப்போகிற வண்டி என்று, முட்டை எடுக்கிற சாக்கில் பின் அச்சில் உப்பு முடிச்சு கட்டியிருக்கிறாள். கட்டுவதற்குக் கைக்கு வாகாக அகப்பட்டது அந்த மெல்லிய குழாய். மாட்டுவண்டி அச்சில் பிரேக் குழாய் ஏது? எங்கள் ஊர்க் கடல்காற்றில் கல்லுப்பு ஒரு ராத்திரி தாங்காது, நீர்விட்டுச் சொட்டும். ஐயோ, இவ்வளவு கண்ணா என்று பயந்து அவள் மறுபடி மறுபடி கட்டியிருக்கிறாள். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அத்தை பாதியில் நிறுத்திவிட்டாள். "நீயே ஜெபம் பண்ணு, தம்பி" என்றாள். அப்படி அவள் சொன்னதே கிடையாது.

புதுக் குழாய்க்கு அப்பா தந்தி கொடுத்துப் பார்த்தார். எங்கும் இல்லை. மேஸ்திரிதான் துறைமுகத்தில் உடைத்துப் போட்ட ஒரு லாஞ்சுப் படகிலிருந்து செப்புக் குழாய் கொண்டுவந்தார். பிரேக்குக்குச் செம்பா என்று இன்றைய மெக்கானிக்குகள் அடிக்க வருவார்கள். அன்றைக்கு வேறு கதி இல்லை. உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். செம்பு அப்படிச் செய்தால் இளகுமாம். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணல் நிரப்பினார். "கடக்கரை மண்ணு வேண்டாம், ஆத்து மண்ணு கொண்டா. இந்த வீட்டு வண்டில இனி உப்புங்கிற பேச்சே ஆவாது" என்றார். முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல வளைத்து, மணலைத் தட்டிக் கொட்டி, ஊதிக் கழுவி, முனைகளை உளியால் விரித்துப் பூட்டினார். புதுச் செம்பு வண்டிக்கு அடியில் அத்தை கழற்றி வைத்துவிட்ட வளையல் மாதிரி மின்னியது.

அடுத்தது எண்ணெய். அந்த வண்டிக்கு உண்டான பிரேக் எண்ணெயும் கப்பலில் வர வேண்டியதுதான். மேஸ்திரி டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றார்.

"ஐயா, வெளக்கெண்ணெ வேணும். கொஞ்சம் ஸ்பிரிட்டும்."

"யாருக்கு வே? வயிறு சரியில்லையா?"

"எனக்கில்ல ஐயா, வண்டிக்கு. ரெண்டையும் கலந்து ஊத்தணும். வேற எண்ணெய ஊத்துனா உள்ள இருக்க ரப்பர் ஊதிப்போவும்."

வரிசையில் இருந்த நோயாளிகள் சிரித்தார்கள். அப்பா நம்பாமல் ஜாடியைக் கொடுத்தார். என் ஜென்ம விரோதியான அந்தப் பச்சை ஜாடி, மூடியோடு வெளியே போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது திருவிழா.

எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்துச் சக்கரத்தடியில் ஒரு சிறு திருகைத் திறக்க வேண்டும். அங்கே மாட்டிய ரப்பர் குழல் வழியாக எண்ணெயும் குமிழியுமாக ஒரு மருந்துப் புட்டிக்குள் வரும். திருகை மூடும்வரை மிதித்த காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மூன்றாவது ஆள் மேலே எண்ணெய் குறையாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு சக்கரம் முடிந்ததும் மேஸ்திரி ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் விடியலில் சாத்தான்குளம் போக வேண்டும். புது டிரைவர் சாயந்திரம் வந்து சாவி வாங்குவதாகப் பேச்சு. வண்டியைச் சரியாக ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்று அண்ணாச்சி அடியில் படுத்திருந்தார். எனக்குக் கால் எட்டவில்லை.

"நான் மிதிக்கேன்" என்றாள் அத்தை.

கதவைத் திறந்து, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. நான் வண்டிக்குள் தரைப்பலகையைத் தூக்கியிருந்த இடத்தில், பிரேக் எண்ணெய் ஊற்றுகிற வாயருகே ஜாடியோடு குந்தியிருந்தேன். கைநிறைய வழவழப்பு, அந்த வாடை பட்டதும் பழக்கதோஷத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"மிதிங்க... புடிச்சிக்கிடுங்க... சரி, விடுங்க." அண்ணாச்சியின் குரல் மட்டும் அடியிலிருந்து வந்தது. அத்தை ஒழுங்காக மிதித்தாள். பிறகு, அவர் "புடிச்சிக்கிடுங்க" என்ற ஒரு சமயத்தில், சன்னமாகச் சொன்னாள்:

"அந்த உப்ப நான்தான் கட்டுனேன்."

அண்ணாச்சி வலதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். நல்ல காது தரையில்.

"ஒங்க மேல தப்பு இல்ல. நான்தான் கட்டுனேன்" என்றாள், கொஞ்சம் உரக்க.

"என்ன டீச்சரம்மா சொல்லுதிய? காது கேக்கல."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். காலை எடுக்க முடியாது, இறங்கிப் போய்ச் சொல்ல முடியாது. ஒரு மூச்சு இழுத்து, பள்ளிக்கூடத்து மைதானக் குரலில் சொன்னாள்.

"அந்தக் கொழாயில உப்பு முடிச்சக் கட்டுனது நான். பிள்ளைக்குக் கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் கட்டுனேன்."

டிஸ்பென்சரியில் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். தெருவில் தண்ணீர் எடுத்துப்போன பெண்கள் நின்றார்கள். வண்டிக்கு அடியிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது, எப்போதும்போல.

"தெரியும் டீச்சரம்மா. கால எடுத்திராதிய, காத்து ஏறிரும்."

அத்தை காலை எடுக்கவில்லை. மிதித்தபடியே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பா ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்க, வெளியே வந்து நின்றார். அக்காவைப் பார்த்தார். அவருடைய அக்கா, கத்தரிக்கோல் அக்கா. "நீயா?" என்றார். "நான்தாம்லே. பயமா இருந்துச்சி" என்றாள் அத்தை. அப்பா மெல்ல வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணாச்சி தலைப்பக்கம் தரையில் உட்கார்ந்து குனிந்தார்.

"தெரிஞ்சிருந்தா ஏன் வே எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்க கோவத்துக்கு அவியள நீங்க ஏதாவது சொல்லிட்டா, அவிய எங்கன போவாவ, ஐயா? நான் ஆம்பள. எங்கயாது போயிக்கிடுவேன்."

எங்கே போவார்? கடல் அவருக்கு மூடிப்போயிற்று. ஓடுகிற பிளஷர்களை ஊரில் விரல்விட்டு எண்ணலாம். அது அப்பாவுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அப்பா எழுந்து என்னிடம் வந்து, "எண்ணெ கொறஞ்சிட்டு பாரு, என்னத்தப் பாத்துட்டு நிக்கே" என்று ஜாடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். முழங்கால் போட்டு உட்கார்ந்து ஊற்றினார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் அப்பாவுக்கு ஜெபத்தில் மட்டும்தான் வரும். மனிதர்களிடம் வராது. ஊற்றிக்கொண்டே, அடியில் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"நாளைக்கு வெயிலுக்கு முன்ன கெளம்பணும், வே. நீரு விடியுமுன்ன வந்துரும்."

"சரிய்யா" என்றது வண்டி.

தொழுகை முடிந்து வந்த மேஸ்திரி, டாக்டர் முழங்காலிலும், டீச்சரம்மா கண்ணீரோடு ஸ்டியரிங்கிலும், சுற்றி நோயாளிகளும் இருப்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "நான் போவும்போது வண்டி நல்லாத்தான இருந்துச்சி?" என்றார்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். அண்ணாச்சிதான் ஓட்டினார். ஊர் தாண்டுவதற்குள் பலதரம் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்ததில் எனக்குத் தலை முட்டியது. சாத்தான்குளத்தில் அம்மா தம்பியை முதலில் அத்தை மடியில் வைத்தாள். திரும்பி வரும்போது அதே உப்பளம், அதே பெண்கள் வரிசை. வண்டி நின்றது. துணியைக் கொஞ்சம் விலக்கி ஒரு பெண் தம்பியை எட்டிப்பார்த்தாள். எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னைக்கு அம்பாரத்துக்கு வரலியா?" என்று கேட்டாள். அப்பாகூடச் சிரித்தார். இருந்த கடைசி ஜாடியைப் பிளஷர் காலிசெய்துவிட்டதால் அதன்பின் எனக்குப் பல சனிக்கிழமைகள் தப்பின என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாரம் முட்டை எடுக்க அத்தை குனியவில்லை, என்னை அனுப்பினாள். உள்ளே கை விட்டபோது வேறு ஏதோ தட்டுப்பட்டது. புதுக் குழாய்க்கு எட்டாத தூரத்தில், வண்டியின் மரச்சட்டத்தில், ஒரு சின்ன மருந்துப் புட்டி. நிறையக் கல்லுப்பு, இரண்டு மிளகாய் வற்றல், கார்க்கு மூடி, மூடிமேல் சொட்டு நீர் புகாமல் மெழுகு. காயத்துக்குப் போடுகிற வெள்ளைத் துணியால் சுற்றி, நுனிகளை ஒரே அளவாக வெட்டி முடிந்திருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தரையில் கையூன்றிக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏளா, மூடி போட்ட உப்பு எப்படிக் கரையும்? ஒங்கப்பனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த முடிச்சு நான் சொல்லிக் குடுத்தது. அவனுக்கு நிக்கருக்கு நாடா கட்டத் தெரியாம இருந்துச்சி" என்றாள். முட்டையை மறந்துவிட்டு உள்ளே போனோம்.

அத்தை போய்ச் சில வருஷம் கழித்துத்தான் பிளஷரை விற்றோம். வாங்குகிறவர் வருவதற்கு முன் அப்பா ஷெட்டுக்குள் போனார். அவருக்கும் அதற்குள் முழங்கால் போய்விட்டது. அண்ணாச்சி வலது தோளைக் கொடுத்து அவரை மெல்லத் தரையில் உட்காரவைத்தார். அத்தையின் கறுப்புக் கைப்பிடிக் கத்தரிக்கோலை எடுத்துப் போயிருந்தார் அப்பா. துணி முடிச்சை வெட்டி, புட்டியைத் துடைத்து, கொண்டுவந்து டிஸ்பென்சரி மேசையில் வைத்தார். கடைசிவரை அது அங்கேயே இருந்தது. அது என்ன மருந்து டாக்டர் என்று யாராவது கேட்டால், "எங்க அக்கா குடுத்தது" என்பார்.